பிரஷர் இல்லாத மனிதர்

மூன்றாவது மருந்துக்கடையிலும் லுத்தாயாவுக்குப் பிரஷர் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

"நல்லாத்தான் இருக்கு செபோ," என்று ஊர் வழக்குப்படி ஐயா போட்டுச் சொல்லிக்கொண்டே கடைப்பெண் அவர் கையில் சுற்றியிருந்த பட்டையைக் கழற்றினாள். "எங்கப்பாவுக்கு இப்படி இருந்தா நான் பாட்டே பாடுவேன்."

"இன்னொரு தரம் பாரும்மா. உன் மிஷின்ல ஏதோ கோளாறு."

"ரெண்டு தரம் பாத்தாச்சு."

"அப்ப நெஞ்சு ஏன் இந்த அடி அடிக்குது? கை ஏன் ஜில்லுனு கெடக்குது? விரலெல்லாம் ஏன் மரத்துப்போகுது?"

"அது எனக்குத் தெரியாதுங்க. பிரஷர் மட்டும் இல்ல."

லுத்தாயாவுக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. முகோனோ ஊரில் ஓரளவு பெயர் எடுத்த ஆண்பிள்ளைக்கெல்லாம் பிரஷர் உண்டு. கவுன்சிலருக்குப் பிரஷர். பாதிரியாருக்குப் பிரஷர். அண்ணன் வாலுசிம்பிக்கு, ரோட்டோர நிலத்தை நல்ல விலைக்கு விற்ற வருஷத்திலிருந்து பிரஷர். விருந்துக்குப் போனால் மாத்திரை அட்டையை எடுத்து, எதிரே இருப்பவர் கண்ணில் படும்படி தட்டோரம் வைத்த பிறகுதான் கையே கழுவுவார். அதன் பிறகு அவர் உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டு தின்னும் ஆட்டுக்கறியைப் பற்றி யாரும் பேசக் கூடாது. ஊரில் பெரிய மனிதனாகிவிட்டதற்கு அடையாளம் அந்த வியாதி. லுத்தாயாவுக்கும் அதுதான் வேண்டியிருந்தது, அதைக் கொடுக்கத்தான் எந்த மிஷினுக்கும் மனசு வரவில்லை.

பெருமைக்காக மட்டும் அவர் அலையவில்லை. பெருமழை தொடங்குவதற்கு முன்பிருந்தே உடம்பு அவர் பேச்சைக் கேட்பதாக இல்லை. சும்மா கோழித்தீவனக் கடையில் உட்கார்ந்திருப்பார். திடீரென்று யாரோ துரத்துவதுபோல நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை நனையும், மூச்சு பாதியில் நிற்கும். என்னமோ கெட்டது நடக்கப்போகிறது என்று தோன்றும். என்ன கெட்டது என்று கேட்டால் பதில் இருக்காது. போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். விடிவதற்கு வெகுமுன்பே முழிப்பு வந்துவிடும்.

இதையெல்லாம் யாரிடமும் சொல்லலாம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் நடுவில் சொல்லக்கூடியதுதான். சொல்ல முடியாதது வேறொன்று இருந்தது. அவருக்கு எதுவும் பிடிக்கவில்லை. மனைவி நமுத்தெபி வாழையிலையில் கட்டி வேகவைத்துக் கொடுக்கும் மட்டோக்கே என்ற வாழைக்காய் மசியல் வாயில் வெறும் ஈரமாகத்தான் இருந்தது. பேரப்பிள்ளை வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டால், இது எப்போது இறங்கும் என்றிருந்தது. காலையில் ஒரு கால் செருப்பைப் போட்டபின் மறுகாலுக்குப் போடவேண்டிய காரணத்தைத் தேடி உட்கார்ந்திருந்தார். ராத்திரி படுக்கும்போது, அப்படியே எழாமல் போய்விட்டால் தேவலை என்று ஒரு நினைப்பு வரும். அந்த நினைப்பு வந்தால் மட்டும் நெஞ்சு அடிப்பது கொஞ்சம் அடங்கும். அதுதான் அவரை உண்மையிலேயே கதிகலங்க வைத்தது.

இதற்குப் பெயர் சொன்னால் ஊர் சிரிக்கும் என்பது லுத்தாயாவுக்குத் தெரியும். அவரே சிரிக்க வைத்தவர்தானே. குவாஞ்சுலா என்னும் நிச்சய விருந்தில் பெண் வீட்டுக்காகப் பேசும் பேச்சுக்காரர் அவர். மாப்பிள்ளை வீட்டாரை நிற்க வைத்து, மட்டம் தட்டி, லேட்டாக வந்ததற்கு அபராதம் போட்டு, கூடாரம் முழுக்கச் சிரிக்கவைப்பதுதான் தொழில். நாக்கு நடுங்கும் மாப்பிள்ளைத் தோழனைக் கண்டால், "ஐயா பொண்ணு கேக்க வந்தாரா, போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தாரா?" என்பார். இப்போது அவர் நாக்கே நடுங்கிக்கொண்டிருந்தது. அதுவும் வருகிற சனிக்கிழமை நடக்கவிருந்த அண்ணன் மகள் நபவேசியின் குவாஞ்சுலாவுக்கு இரண்டு நாள் முன்னால்.

வீட்டுக்கு வந்ததும் நமுத்தெபி முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"இந்தக் கடையிலயும் இல்லேன்னுட்டாங்களா? நாலாவது கடைக்கும் போய்ட்டு வாங்களேன். எவனாவது பரிதாபப்பட்டுக் கொஞ்சம் பிரஷர் குடுப்பான்."

"உனக்கு எல்லாம் விளையாட்டு."

"விளையாட்டா? காலையிலேருந்து அந்தச் சட்டைப் பொத்தானையே பாத்துட்டு உக்காந்திருந்தது நானா? என்னன்னு கேட்டா பிரஷர், பிரஷர். அந்தப் பிரஷர் வந்தவன் நல்லா தின்னுட்டுத் திரியறான். நீங்க பாதியாப் போயிட்டீங்க."

வாலுசிம்பி வந்தார். தம்பியின் உடம்பைப் பற்றிக் கேட்டார், பதிலுக்குக் காத்திருக்காமல் தன் மாத்திரை அட்டை ஒன்றை மேஜையில் எறிந்தார்.

"இதப் போடு. நம்ம குடும்பத்து வியாதிதான். சனிக்கிழமை மட்டும் என் மானத்தக் காப்பாத்து. எதிர்ப்பக்கம் பேச யாரு வர்றான் தெரியுமா? சலோங்கோ முக்கீபி."

முக்கீபி இரட்டைப்பிள்ளை பெற்ற தகப்பன். அதனால் சலோங்கோ என்ற பட்டம், அந்தப் பட்டத்துக்கு ஏற்ற திமிர். லுத்தாயாவும் அவரும் எத்தனையோ கூடாரங்களில் எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் கிழித்திருக்கிறார்கள். பொதுவில் பேசிக்கொள்வதோடு சரி, தனியே ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அந்தக் காட்டுக்கத்தல்காரனா?" என்றார் லுத்தாயா, பழக்கதோஷத்தில். அண்ணன் திருப்தியாகப் போய்விட்டார். மாத்திரையை லுத்தாயா விழுங்கவில்லை. சட்டைப்பையில், கொஞ்சம் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை வாலுசிம்பியின் முற்றத்தில் இரண்டு கூடாரம். ஒலிபெருக்கி, பூ வளைவு, வாடகை நாற்காலிகளுக்குத் தங்க நிறத் துணி. நிலம் விற்ற பணம் முழுவதும் அந்தத் துணியில்தான் போயிருக்கவேண்டும். வெள்ளை அங்கியும் கறுப்புக் கோட்டும் போட்டு லுத்தாயா நின்றார். மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக வந்து வெயிலில் நின்றார்கள். பெண் வீட்டுப் பேச்சுக்காரர் வாயால் 'உட்காருங்கள்' என்று வரும்வரை அவர்கள் உட்காரக்கூடாது. அதுதான் முறை.

முக்கீபி தொண்டையைக் கனைத்தார். "ஐயாமாரே, அம்மாமாரே, வழி தெரியாம வந்துட்டோம். ஒரு புகை தெரிஞ்சுது, நல்ல வீடாத்தான் இருக்கும்னு நெனைச்சோம். வந்து பாத்தா லுத்தாயா நிக்கறாரு. தப்பான வீட்டுக்கு வந்துட்டோம் போல."

கூடாரம் சிரித்தது. இப்போது லுத்தாயா பதில் சொல்லவேண்டும். பதில் அவருக்குத் தெரியும், நேற்றே தயார் செய்தது. மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

ஒன்றும் வரவில்லை.

நெஞ்சு ஒரேயடியாகக் கிளம்பியது. காதில் அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது. கால் கல்லாகிவிட்டது, ஆனால் உடம்பின் மற்ற பாகமெல்லாம் ஓடிவிடலாம் என்று துடித்தது. இதோ இப்போது, இங்கே, எல்லார் முன்னாலும் செத்துவிழப்போகிறேன் என்று நினைத்தார். அதற்கடுத்து, விழுந்தால்தான் என்ன என்று நினைத்தார். அந்த இரண்டாவது நினைப்பு வந்தபோது அவருக்குக் கண் நிறைந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

கூடாரத்தில் பேச்சு அடங்கியது. லுத்தாயா அசையாமல், உதட்டை இறுக்கி, முக்கீபியை வெறித்துக்கொண்டு நின்றார். ஒரு கிழவர்தான் முதலில் கையைத் தட்டினார்.

"பாத்தியா? உக்காருன்னு சொல்ல மாட்டேங்கறான்! குறைச்சலா கொண்டாந்திருக்கீங்கன்னு பேசாமலே சொல்றான்டா!"

அவ்வளவுதான். கூடாரமே அதைப் பிடித்துக்கொண்டது. பெண் வீட்டுப் பெண்கள் குலவையிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் வெயிலில் நெளிந்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், கடைசியில் ஒரு மூட்டைச் சர்க்கரையை இறக்கினார்கள். லுத்தாயா பேசவில்லை. சோப்புப் பெட்டிகள் வந்தன. பேசவில்லை. கடைசியில் கொடுக்கலாம் என்று பிக்கப்பில் போர்த்தி வைத்திருந்த சோபா இறங்கியது. கூட்டம் ஆரவாரம் செய்தது. ஒரு மனிதன் நின்றபடி மூழ்கிக்கொண்டிருக்கிறான். அவனுக்குக் கைதட்டுகிறார்கள், சோபா செட்டில் இன்னொரு நாற்காலி குறைகிறது என்று கணக்குப் பார்க்கிறார்கள்.

வாலுசிம்பி பின்னாலிருந்து தம்பியின் காதில் கிசுகிசுத்தார். "அருமைடா! இன்னும் கொஞ்சம் பிடி. ஃபிரிட்ஜ் இருக்கு, வண்டியில பாத்தேன்."

எதிரே முக்கீபி மட்டும் சிரிக்கவில்லை. அவர் லுத்தாயாவின் கண்ணைப் பார்க்கவில்லை, மைக்கைப் பிடித்திருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கியின் கைமுனை படபடவென்று ஆடியது. முக்கீபி தன் ஆட்கள் பக்கம் திரும்பாமலே மண்டியிட்டார். ஆண்பிள்ளை, அதுவும் பேச்சுக்காரர், புல்லில் மண்டியிட்டார்.

"தோத்துட்டோம் ஐயா," என்றார் மைக்கில். "வாய் பேசற ஆளை ஜெயிச்சிருக்கேன். வாயே பேசாத ஆளை என்னால முடியாது. எங்க ஆளுங்களை உக்கார வையுங்க அத்தைமாரே, அவரு சார்புல நீங்களே சொல்லிடுங்க."

பெண்ணின் அத்தைமார் "உக்காருங்க, உக்காருங்க" என்று கத்தினார்கள். முக்கீபி தோற்றார் என்று கூடாரம் தலைகீழானது. மிச்ச நிகழ்ச்சியை யாரோ ஒரு சித்தப்பா பேசி முடித்தார், ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

லுத்தாயா வீட்டுக்குப் பின்னால், சமையல் பானைகளைத் தாண்டி வாழைத்தோப்பு ஓரம் ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் முதுகில் தட்டியிருந்தார்கள். ஒருவன் தன் மகள் விருந்துக்கும் வந்து "அதே மாதிரி பேசாம நிக்கணும்" என்று முன்பணம்கூடக் கொடுக்க வந்தான். இந்த ஊரில் ஒருவன் சாவதாக இருந்தால்கூட அதை நிகழ்ச்சியாக்கி டிக்கெட் போடுவார்கள் என்று லுத்தாயா நினைத்தார்.

முக்கீபி வந்து எதிரே குந்தினார்.

"எவ்வளவு நாளா?"

"என்னது எவ்வளவு நாளா? எனக்குப் பிரஷர்." லுத்தாயா பையிலிருந்த அட்டையைத் தொட்டுக் காட்டினார்.

"உன் மூஞ்சி பிரஷர். அந்த அட்டையில ஒரு மாத்திரை கூடக் குறையல. யாரு கண்ணுல மண்ணத் தூவற?"

"போய்யா. ஜெயிச்சது நான்."

"ஆமா, ஜெயிச்ச மூஞ்சிதான் இது. கேளு. நெஞ்சு அடிக்குதுன்னு நானும்தான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன், ரெட்டைங்க பொறந்த அடுத்த வருஷம். அது முன்னால நின்னு சத்தம் போடற ஆளு. பின்னால ஒண்ணு சத்தமே இல்லாம உக்காந்திருந்துச்சு. அதப் பத்தி எவன்கிட்டயும் மூச்சு விடல, கடைசில ஒரு டாக்டரம்மாகிட்டதான் சொன்னேன். உனக்கும் பின்னால இருக்கா?"

லுத்தாயா எழுந்துவிட்டார். "உனக்குப் பைத்தியம் பிடிச்சா எனக்கும் பிடிக்கணுமா? வந்த வழியப் பாத்துப் போ!" குரல் இப்போது நன்றாகவே வந்தது. அவர் கோபித்துக்கொண்டு கூடாரத்துப் பக்கம் நடந்தார். தட்டோடு அவரைத் தேடி வந்து வாழைமரத்துக்குப் பின்னால் நின்றுவிட்ட நமுத்தெபியை அவர் பார்க்கவில்லை. அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"சலோங்கோ," என்றாள், "அந்த டாக்டர் எங்க இருக்காங்க?"

திங்கட்கிழமை லுத்தாயாவை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனது பொய் சொல்லித்தான். அங்கே நல்ல பிரஷர் மிஷின் இருக்கிறது, பெரிய மிஷின், பொய்யே சொல்லாது என்றாள் நமுத்தெபி. பின்கட்டில் மனநலப் பிரிவு என்ற பலகையைப் பார்த்ததும் அவர் திரும்பினார். திரும்பிய இடத்தில் முக்கீபி நின்றார். வெள்ளை அங்கி, கறுப்புக் கோட்டு, கையில் தடி. குவாஞ்சுலாவுக்குப் போகிற முழு அலங்காரம்.

"இங்க எதுக்கு இந்த வேஷம்?"

"உள்ள போனா நீ பேச மாட்டே. பேச ஆள் வேணாமா?"

பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒரு மூலையில் மனைவியின் குடைக்குப் பின்னால் கவுன்சிலர் இருந்தார். ஊரறிந்த பிரஷர்காரர். லுத்தாயாவைக் கண்டதும் குடை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. இத்தனை நாள் நம்மை ஏமாற்றினானே என்று லுத்தாயாவுக்கு ஆத்திரமாக வந்தது. கூடவே ஒரு கெட்ட சந்தோஷமும் வந்தது. பல மாதத்தில் அவருக்கு வந்த முதல் சந்தோஷம் அதுதான்.

டாக்டர் கிசாக்யே வயதில் சின்னவர், கண்ணில் தூக்கக் கலக்கம். லுத்தாயா நெஞ்சு அடிப்பதைச் சொன்னார், கை நடுக்கத்தைச் சொன்னார், மூச்சைச் சொன்னார். அழகாக, ஒன்றுவிடாமல், பேச்சுக்காரர் சொல்வதுபோலச் சொன்னார். பட்டையைச் சுற்றிப் பார்த்தார்கள்; பிரஷர் இல்லை.

"வேற ஏதாவது?" என்றார் டாக்டர்.

"வேற ஒண்ணும் இல்லைங்கம்மா."

டாக்டர் பேனாவை எடுத்தார். முக்கீபி எழுந்து தடியைத் தரையில் ஊன்றினார்.

"அம்மா, நாங்க தூரத்துலேருந்து வந்திருக்கோம். எங்க வீட்டுல ஒரு ஆளைக் காணோம். உங்க வீட்டுல இருக்காருன்னு கேள்விப்பட்டோம்."

கிசாக்யேவும் அந்த ஊர்ப் பெண்தான், குவாஞ்சுலாப் பேச்சு என்று புரிந்துவிட்டது. பேனாவைக் கீழே வைத்தார். "ஆளு உங்க பக்கத்துலதானே உக்காந்திருக்காரு?"

"அது அவரு கோட்டு. சனிக்கிழமை அந்தக் கோட்டு மட்டும் நின்னுச்சு, உள்ள யாரும் இல்ல. நான் எதிர்ல நின்னு பாத்தேன்."

"எப்பத்திலேருந்து காணோம்?"

"பெருமழைக்கு முன்னாடியே," என்றாள் நமுத்தெபி. அவளுக்கு முறையெல்லாம் வரவில்லை, வார்த்தைகள் முட்டிக்கொண்டு வந்தன. "தட்டுல கைய வெச்சிட்டு மறந்துடறாரு. பேரன் வந்தா மூஞ்சியத் திருப்பிக்கறாரு. நான் என்ன திட்டினாலும் திருப்பித் திட்ட மாட்டேங்கறாரு அம்மா, இந்த மனுஷன்! திட்டித் திட்டிப் பாக்கறேன், ஒண்ணும் வரல."

லுத்தாயா அவளைப் பார்த்தார். அவள் வாய்க்குத் தீனி தேடுகிறாள் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தார்.

"ரொம்ப லேட்டா வந்திருக்கீங்க," என்றார் டாக்டர். "அபராதம் உண்டு, தெரியுமா?"

"போட்டுக்குங்க அம்மா," என்றார் முக்கீபி.

"ஆனா ஒண்ணு. எல்லாம் நீங்க பேசலாம். குவாஞ்சுலாவுல பொண்ணைக் கூப்பிட்டு, வந்திருக்கற இவங்களை உனக்குத் தெரியுமான்னு கேக்கறப்ப, அதுக்கு மட்டும் யாரு பதில் சொல்லணும்?"

"பொண்ணு வாயாலதான் வரணும்," என்றார் முக்கீபி. அவர் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் லுத்தாயாவின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "செபோ, உயிரோட இருக்க வேணாம்னு தோணுதா?"

லுத்தாயா வாயைத் திறந்தார். கூடாரத்தில் வந்த அதே அடி நெஞ்சில் வந்தது, நாக்கு அதேபோல ஒட்டிக்கொண்டது. இந்தத் தடவை கைதட்ட ஆளில்லை, சோபா இறக்க ஆளில்லை. ஊரிலேயே பெரிய வாய்க்காரர் முக்கீபி தரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நமுத்தெபி அவர் அங்கியின் நுனியைப் பிடித்திருந்தாள்.

"தோணுது," என்றார் லுத்தாயா. "படுக்கறப்ப, எழுந்திரிக்காமலே போயிட்டா தேவலைன்னு தோணுது. தினம் தோணுதும்மா. அது வந்தாத்தான் நெஞ்சு அடங்குது. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

டாக்டர் அவசரப்படவில்லை. தலையாட்டினார். அப்புறம், விருந்தாளிகளை வாசலில் ஏற்கிற குரலில், முறைப்படி சொன்னார்.

"வந்துட்டீங்க. உக்காருங்க."

லுத்தாயா ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார். ஆனாலும் அந்த வார்த்தையைக் கேட்டபிறகுதான் முதுகை நாற்காலியில் சாய்த்தார். சாய்ந்து, எத்தனையோ கூடாரங்களில் தன்னை எதிர்த்துப் பேசிய மனிதன் முன்னால், வெட்கமில்லாமல் அழுதார்.